அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்

உதகமண்டலம்,
2.4.1971

கர்த்தருக்குள் அன்பான யூனிஸ் அக்காவுக்குத் தம்பி லாசரஸ் எழுதுவது. அவர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். குளிர்தான் எலும்புக்குள் குடித்தனம் செய்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா?

உன் கடிதம் கிடைத்தது. நான் ஊட்டி ரேடியோ ஸ்டேஷனில் வேலை பார்ப்பதாக நீ தாம்பரம் சபை முழுக்கச் சொல்லி வைத்திருப்பதைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா, இது ஸ்டேஷன் இல்லை. ரேடியோ தொலைநோக்கி. மலைச்சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்புச் சட்டங்களை நிறுத்திக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதிலிருந்து பாட்டும் வராது, செய்தியும் வராது. வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எங்கள் வேலைக்குப் பெயர் சர்வே. வெகு தொலைவில் குவாசர் என்று சில இருக்கின்றன. போட்டோவில் பார்த்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி. ஆனால் ஒரு நட்சத்திரக் கூட்டமே சேர்ந்தாலும் அத்தனை பிரகாசம் வராது. இந்தப் பிரபஞ்சம் சின்ன வயசாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பிய அலை இப்போதுதான் நம்மிடம் வந்து சேருகிறது என்கிறார்கள். அப்படியில்லை, பக்கத்தில்தான் இருக்கிறது என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. எங்களுக்கே குழப்பம்தான்.

ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும். அதற்குச் சந்திரனைப் பிடித்துக்கொள்கிறோம். சந்திரன் தன் பாட்டுக்குப் போகிற வழியில் ஒரு குவாசரை மறைக்கும். மறைத்த நொடியில் வருகிற அலை நின்றுபோகும். அந்த நொடியில் சந்திரனின் ஓரம் எங்கே இருந்தது என்று கணக்குப் போட்டால் குவாசரின் இடம் கிடைத்துவிடும். மே மூன்றாம் தேதி பகல் நாலு மணிக்கு ஒன்று மறையப் போகிறது. அதை முதல் தடவையாக என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

பாட்டுக்காரரான அத்தானிடம் இதை மட்டும் பெருமையாகச் சொல். உலகத்திலேயே மிக மெல்லிய சத்தத்தைக் கேட்கிற காது எங்களிடம்தான் இருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
லாசரஸ்

*

செம்பாக்கம்,
26.4.1971

அன்புத் தம்பி லாசரஸுக்கு அக்காவின் ஆசீர்வாதம். ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதுவும் குடும்பத்தில் ஒன்றாகிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிறது. ஏரியும் வற்றிவிட்டது.

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். என்றைக்கும் இல்லாத திருநாளாகக் கையிலிருந்து பிடுங்கித் தானே ஒரு தடவை வாசித்தார். பகல் நாலு மணிக்கு வெயிலில் என்ன குவாசரோ எனக்கு விளங்கவில்லை. சர்வே என்றதும் பக்கத்து வீட்டு பக்தவச்சலம் ஏரிக்கரை நிலத்தை உன்னை வைத்து அளந்து தரச் சொன்னார். வந்தால் சங்கிலியும் கொண்டு வா.

ஈஸ்டர் ஆராதனை நடந்தது. ஒரு சின்னச் சங்கடம். உனக்குத்தான் தெரியுமே, பாடகர் குழுவுக்கு ஸ்வரம் எடுத்துக் கொடுப்பது அத்தான். இந்தத் தடவை ஆர்கன் ஒரு பக்கம் போக, இவர் அரை ஸ்வரம் கீழே பிடித்துக்கொண்டு வேறு பக்கம் போனார். குழு பாவம், யார் பின்னால் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றது. சபையில் சிரித்துவிட்டார்கள். ஜலதோஷம் என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லி வைத்தேன்.

ஆனால் வீட்டிலும் இந்த மனுஷர் சரியில்லை. நான் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார். ரேடியோவை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். நேற்று பொறுக்காமல், "காதுல என்ன பஞ்சா வச்சிருக்கீங்க?" என்று கத்திவிட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம்தான் வந்தார். வயசாக ஆக ஆண்பிள்ளைகளுக்கு ரோஷம் கூடும் போலிருக்கிறது.

கம்பெனி வேலையாக ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போகிறாராம். ஒரு வாரமாம். இந்தக் கடிதத்தை அவரே தபாலில் போடுகிறேன் என்கிறார்.

உன் அக்கா,
யூனிஸ்

(இன்லண்ட் கடிதத்தின் மடிப்போரத்தில், வேறு கையெழுத்தில்)

மாப்பிள்ளை, கோயம்புத்தூரில் எனக்கு வேலை எதுவும் இல்லை. மூன்றாம் தேதி உன்னிடம்தான் வருகிறேன். எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. இவளுக்குத் தெரியாது. அந்தக் காதைச் செய்தவர்கள் மனுஷன் காதுக்கும் ஏதாவது செய்யமாட்டார்களா? கர்த்தர் மேல் ஆணை, யூனிஸிடம் மூச்சு விடாதே. வேதசிரோமணி.

*

செம்பாக்கம்,
14.5.1971

அன்புள்ள லாசரஸ், சுகமாயிருக்கிறாயா? நானும் சுகம். அத்தானும் சுகமாக ஆபீஸ் போய் வருகிறார்.

உன்னிடம் ஒரு உதவி. எனக்கு இல்லை, பக்கத்து வீட்டு கனகவல்லிக்கு. அவள் வீட்டுக்காரர் பக்தவச்சலம் ஒரு வாரத்தில் வருகிறேன் என்று வெளியூர் போனவர் இன்னும் வரவில்லை. ஒரு கார்டு கூட இல்லை. அவள் வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள். ரேடியோவில் "காணவில்லை" என்று வாசிக்கிறார்களே, அதை வாசிக்க வைக்க யாரைப் பார்க்க வேண்டும்? உன்னுடையது பேசாத ரேடியோ என்று எழுதினாய், மறக்கவில்லை. ஆனாலும் பேசுகிற ரேடியோக்காரர்களை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? கம்பவுண்டரைத் தெரியாத டாக்டர் உண்டா?

பெயரைச் சொல்லாமல் அடையாளம் மட்டும் வாசிக்க முடியுமா என்றும் கேட்டுச் சொல். பெயர் வெளியே வந்தால் அவள் சபையில் தலைகாட்ட முடியாது.

சீக்கிரம் பதில் போடு. தபால்காரர் வரும் நேரத்துக்கு அவள் வாசலிலேயே நிற்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அக்கா யூனிஸ்

*

உதகமண்டலம்,
22.5.1971

அன்பான அக்காவுக்கு லாசரஸ் எழுதுவது. சுகம். நீயும் சுகம் என்று அறிந்து மகிழ்ச்சி.

கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். கனகவல்லி அக்காவிடம் கலங்க வேண்டாம் என்று சொல். போனவர் எங்கேயோ நல்லபடியாகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படித் தோன்றுகிறது என்று கேட்காதே. காணவில்லை அறிவிப்புக்குப் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதெல்லாம் இப்போது வேண்டாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்.

என் பாடு திண்டாட்டம். மூன்றாம் தேதி அந்தக் குவாசர் மறைந்தது. எங்களுக்குச் சத்தம் எதுவும் கேட்காது அக்கா, அதைப் போன கடிதத்தில் தப்பாக எழுதிவிட்டேன். ஒரு பேனா ஓடும் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். மறைகிறபோது கோடு ஒரே படியாகக் கீழே இறங்க வேண்டும். என்னுடையது இரண்டு படியாக இறங்கியது. அப்படியென்றால் அங்கே ஒன்று இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் கேட்டுக்குள் வந்து நின்றது. மோட்டார் வண்டி பக்கத்தில் வந்தால் எங்கள் பேனா துள்ளும். ஆகவே இரண்டாவது படி வானத்துடையதா, ஜீப்புடையதா என்று தெரியவில்லை. எங்கள் பெரியவர், "ஒண்ணா ரெண்டான்னு உனக்கே தெரியலேன்னா நான் என்னத்த எழுதறது?" என்று கேட்டார். வெட்கமாகிவிட்டது.

அந்த இடத்தின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. இருக்கிறது, ஆனால் தெரியவில்லை. ஜூன் இருபத்தாறில் சந்திரன் மறுபடி அந்த வழியாகப் போகும். அதை விட்டால் அப்புறம் பல வருஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா. வேளைக்குச் சாப்பிடு.

லாசரஸ்

*

செம்பாக்கம்,
31.5.1971

அன்புள்ள லாசரஸ், சுகம். நீ சுகமா?

பொறுக்கச் சொல் என்று எழுதிவிட்டாய். பொறுத்தாயிற்று. கனகவல்லி தன் வீட்டுக்காரரின் கம்பெனிக்கே போனாள். குரோம்பேட்டையில் இறங்கி வெயிலில் நடந்தே போனாள். அங்கே கேசவன் என்று ஒரு கிளார்க், "அவர் ரெண்டு மாசத்துக்கு மேல லீவு எழுதிக் குடுத்துட்டுல்லம்மா போயிருக்காரு, உங்களுக்குத் தெரியாதா?" என்றாராம். தெரியும், தேதிதான் மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கம்பெனி வேலையாக வெளியூர் என்றவர் கம்பெனிக்கே லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? நீ படித்தவன், சொல்.

அடையாளம் எழுதுகிறேன், யாரிடமாவது கொடு. வயது நாற்பத்தொன்று. ஐந்தடி ஆறங்குலம். மாநிறம். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. உட்கார்ந்திருக்கும்போது வலது கை விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். போகிற அன்றைக்கு வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட துண்டு. புறப்படும் முன் வாசலில் நின்று எதையோ சொல்ல வந்து சொல்லாமல் போனார்.

அவளுக்குச் சோறு இறங்கவில்லை தம்பி. ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறாள்.

யூனிஸ்

*

உதகமண்டலம்,
16.6.1971

அன்பான அக்காவுக்கு, பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னிக்கவும். உன் கடிதத்தைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். மழை தொடங்கிவிட்டது.

அடையாளத்தை வாசித்தேன். நான் மட்டும் வாசிக்கவில்லை. அதற்கு மேல் இப்போது எழுத எனக்கு உரிமை இல்லை. ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பத்து நாள் பொறு அக்கா. கனகவல்லி அக்காவைச் சாப்பிடச் சொல். அக்காவை நினைக்காமல் அவர் ஒரு நாள் கூட இருந்திருக்கமாட்டார்.

இருபத்தாறாம் தேதிக்காக எல்லாம் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அன்றைக்குக் கேட்டைப் பூட்டிவிடச் சொல்லியிருக்கிறேன்.

லாசரஸ்

*

செம்பாக்கம்,
21.6.1971

லாசரஸுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பக்தவச்சலம் எங்கேயும் போகவில்லை. இதோ, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பாவம், ஒரு மாதமாக அவரைக் காணாமல் போக்கியது நான்தான். காணாமல் போனது உன் அத்தான். இது உனக்கு முன்னமே தெரியும்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லட்டுமா? நேற்று உன் கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டில் முழுக்கப் பரப்பினேன். கல்யாணமாகி இந்த ஒன்பது வருஷத்தில் நீ எழுதியது அறுபத்துமூன்று. பரீட்சை நேரத்தில் இரண்டு வரி எழுதினாய், அதிலும் உண்டு. என்னோடு கோபித்துக்கொண்டு எழுதினாயே, அதிலும் உண்டு. கடைசி வரி "அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்." கடைசி இரண்டு கடிதத்தில் மட்டும் அது இல்லை. அவர் சுகமாக ஆபீஸ் போகிறார் என்று நான் பொய் எழுதினேன். அதற்கு நீ "நீயும் சுகம் என்று அறிந்து" என்று எனக்கு மட்டும் மகிழ்ச்சி சொல்லியிருக்கிறாய். எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லி எழுத உனக்குக் கை வரவில்லை. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அம்மா சொல்வாள். அந்த ஜீப்பில் வந்து இறங்கியது யார் என்றும் புரிந்தது.

எண்ண முடியாத தூரத்தில் எது எங்கே இருக்கிறது என்று நொடிக்கணக்கில் சொல்கிறாயே. என் புருஷன் எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சொல்ல உனக்கு ஏழு வாரம் போதவில்லையா? நான் இங்கே தபால்காரரைப் பார்த்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறேன், நீ வேளைக்குச் சாப்பிடு என்று எழுதுகிறாய்.

கனகவல்லிக்கு நேற்றுதான் எல்லாம் சொன்னேன். "இன்னாம்மா யூனிஸ், எம் புருஷன் பேர வெச்சா லெட்டர் எழுதிகினு இருந்தே?" என்று முதலில் சிரித்தாள். அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். பிள்ளை இல்லை என்று போனாரா? நான் கத்தியதற்காகப் போனாரா? இல்லை, என்னைப் பிடிக்கவில்லையா? எதுவானாலும் எழுது. தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

யூனிஸ்

*

உதகமண்டலம்,
27.6.1971

அன்பான அக்காவுக்கு, உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. அத்தானிடமே கொடுத்துவிட்டேன். வாசித்து முடித்துவிட்டு, "எழுதிடு மாப்பிள்ளை, இனி ஆணை இல்லை" என்றார். எழுதுகிறேன்.

நீ கேட்ட மூன்றும் இல்லை. அத்தானுக்குக் காது கேட்கவில்லை. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதி இருக்கிறது. ஒன்றரை வருஷமாகவே குறைந்துகொண்டு வந்திருக்கிறது. உன் வாயைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்திருக்கிறார். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினால் குத்துமதிப்பாக ஏதாவது சொல்லிவிடுவாராம். ஈஸ்டர் அன்றைக்கு ஆர்கன் சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. சபை சிரித்ததை மட்டும் பார்த்திருக்கிறார்.

இதில் என் தப்பும் உண்டு. மெல்லிய சத்தத்தைக் கேட்கிற காது என்று நான் எழுதிய ஒரு வார்த்தையை நம்பி மலை ஏறி வந்துவிட்டார். வந்து இறங்கியதும், "எங்க மாப்பிள்ளை அந்தக் காது, நான் வச்சுப் பாக்கறேன்" என்றார். நான் இரும்புச் சட்டங்களைக் காட்டினேன். அப்போது அவர் முகம் போன போக்கை உனக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

கோயம்புத்தூரில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நரம்பு என்கிறார். போனது திரும்பாது. காதில் மாட்டுகிற கருவி வைத்தால் கொஞ்சம் உதவும், பேச்சுக்கு. பாட்டுக்கு உதவாது என்று அவரே எழுதிக் காட்டினார். அவர் வந்தபின் நீ எழுதிய முதல் கடிதத்தை, ஆபீஸ் போய் வருகிறார் என்று நீ எழுதியிருந்ததை, அவரிடம் காட்டினேன். "அவ ஏன் இப்படி எழுதறா?" என்று குழம்பினார். நானும் குழம்பினேன். அவர் கௌரவத்தை நீ காப்பாற்றுகிறாய் என்று அப்போது இருவருக்குமே உறைக்கவில்லை. நீ அவரைத் தேடவே இல்லை என்று கூட ஒரு நாள் சொன்னார். அடையாளம் எழுதிய கடிதம் வந்த பிறகுதான், தாளம் போடுகிற வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதே கிளம்பியிருக்கலாம். எந்த முகத்தோடு போவது என்றார்.

நேற்று அந்த இரண்டாவது மறைப்பு. காலையில் உன் கடிதம், மத்தியானம் இது. அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ஓடுகிற காகிதத்தை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா இறங்கியதும் என் தொடையில் ஒரு தட்டு. மறுபடி இறங்கியது, இன்னொரு தட்டு. நான் நிமிரும் முன்பே, "ரெண்டு" என்றார். ஜீப் எதுவும் வரவில்லை அக்கா. கேட் பூட்டியிருந்தது. அது நிஜமாகவே இரண்டுதான். எத்தனை தூரத்தில், எந்தக் காலத்தில், என்னவாக இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. போட்டோவில் இன்னும் வெறும் கறுப்புத்தான். எங்கள் பெரியவர் மட்டும் இரண்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் அத்தான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னிடம், "இங்க இருக்கற ஒருத்தருக்கும் எதுவும் கேக்கல, இல்லையா மாப்பிள்ளை? எல்லாரும் பேப்பரத்தான பாக்கறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். வந்த நாளிலிருந்து நேற்றுத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

லாசரஸ்

*

செம்பாக்கம்,
2.7.1971

என் அன்புக் கணவருக்கு யூனிஸ் எழுதிக்கொள்வது. நாடு விட்டு நாடு போகிறவர்களுக்கு எழுதுகிற மாதிரி முதல் தடவையாக உங்களுக்கு எழுதுகிறேன். சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாயில்லை.

பஞ்சா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேனே, அந்த நாக்கை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போயிற்று. உங்களுக்குக் காது கேட்கவில்லை, எனக்குக் கண் தெரியவில்லை. இதில் யாரை யார் குறை சொல்வது?

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. என் தம்பிக்கு எழுதத் தோன்றியது, அதுவும் என் கடிதத்தின் ஓரத்திலேயே. எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நான் சிரிப்பேன் என்று நினைத்தீர்களா? சபை சிரித்தபோது ஜலதோஷம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் நான்.

போதகரிடம் நானே போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஸ்வரம் எடுத்துக் கொடுக்க ஞானஜோதி டீச்சர் ஒத்துக்கொண்டார். இது உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஒளித்து ஒளித்து நாம் பட்டது போதும். கம்பெனி லீவு பன்னிரண்டாம் தேதி வரைதான் இருக்கிறது. வருவதானால் எந்த ரயில் என்று ஒரு கார்டு போடுங்கள். வராவிட்டால் அதையும் போடுங்கள்.

யூனிஸ்

*

உதகமண்டலம்,
6.7.1971

யூனிஸுக்கு. சுகம். பத்தாம் தேதி காலை சென்ட்ரலில் இறங்கி, எலெக்ட்ரிக் ரயிலில் ஒன்பதரைக்குத் தாம்பரம் வருவேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். நாலு பேர் பார்ப்பார்கள்.

என் பாட்டைக் கேட்டுத்தான் உன் அப்பா பெண் கொடுத்தார். அது போனபின் உன் முன்னால் வந்து நிற்க எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதனால்தான் சொல்லவில்லை.

வேதசிரோமணி

*

செம்பாக்கம்,
18.7.1971

அன்புத் தம்பி லாசரஸுக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே சுகம். மழை ஒன்றிரண்டு தூறல் போட்டது. உனக்கு அங்கே சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

உன்னை மன்னித்தாயிற்று. பாதிதான். மீதி நீ நேரில் வரும்போது.

வர வேண்டாம் என்று கார்டு போட்டிருந்தார். நான் எட்டரைக்கே ஸ்டேஷனில் நின்றேன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அப்பா பெண் கொடுத்தது பாட்டுக்காகவே இருக்கட்டும், நான் ஒன்பது வருஷம் சமைத்துப் போட்டது பாட்டுக்கா என்று கேட்க வேண்டும். இரண்டு மாதத்துக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். ரயில் வந்தது. ஆபீஸ் கூட்டம் எல்லாம் ஏறுகிற நேரம். கூட்டத்துக்கு நடுவில் துணிப்பையோடு இறங்கினார். ரொம்ப மெலிந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

அடுக்கி வைத்ததில் ஒரு வார்த்தை வரவில்லை லாசரஸ். பக்கத்தில் போய், "சாப்பிட்டீங்களா?" என்றேன். குரலே எழும்பவில்லை.

பழைய மனுஷராக இருந்தால் "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ குத்துமதிப்பாகச் சொல்லி நடந்திருப்பார். இவர் பையைக் கீழே வைத்தார். ஞானசௌந்தரி வீட்டுக்காரர், ரயில்வே காலனி ஏசுபாதம், நம் சபையார் நாலைந்து பேர் அங்கேயேதான் நின்றிருந்தார்கள். அவர்களையும் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று தெரியாமல் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கல, யூனிஸ். சத்தமாச் சொல்லு."

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நான் பொது இடத்தில் குரலை உயர்த்தியவளே இல்லை, உனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் கூட எனக்கு வாய் எழும்பாது. அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

தாம்பரம் ஸ்டேஷனே கேட்டிருக்கும். கேட்கட்டும். அவருக்குக் கேட்டுவிட்டது.

உன் அக்கா,
யூனிஸ்